போவதா, நிற்பதா, படிப்பதா?
புனித இஞ்ஞாசியாரிடம் மாணவர் கற்கவேண்டிய பாடம்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து சனங்கள் கலைந்த பின்னர், இளைஞர் ஒருவர் கோவில் வாசலில் காத்து நின்றார். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிப்பவர். "சுவாமி, பத்து நிமிடம் இருக்குமோ?" என்று தொடங்கியவர், ஒன்றரை மணித்தியாலம் பேசினார்.

அவர் முன்னால் மூன்று வழிகள். ஒன்று, இன்னும் இரண்டு வருடம் இருந்து பட்டத்தை முடிப்பது. இரண்டு, நகரில் ஒரு கம்பனியில் கிடைத்திருக்கும் உத்தியோகத்தை ஏற்றுப் படிப்பை விடுவது. மூன்றாவது, கனடாவில் உள்ள மாமா பாதிப் பணம் அனுப்புவார். மீதிக்குத் தாயார் வீட்டுக் காணியை ஈடு வைக்கச் சம்மதித்துவிட்டார். ஏஜென்சிக்காரனுக்கு மாத முடிவுக்குள் முற்பணம் கட்டினால் பயணம். "எது கடவுளின் சித்தம் என்று சொல்லுங்கோ, சுவாமி. நான் அதைச் செய்கிறேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்ல நாக்கு நுனிவரை வந்தது உண்மை. குருவானவர்களாகிய நாங்கள் பெரும்பாலும் "நில், படி" என்ற பக்கமே சாய்ந்துவிடுகிறோம். ஆனால் ஆன்மீகப் பயிற்சிகள் என்ற தம் நூலில் புனித இஞ்ஞாசியார், வழிநடத்துபவர் தராசின் முள்ளைப் போல நடுவில் நிற்கவேண்டும், எந்தத் தட்டிலும் தம் கையை வைக்கக் கூடாது என்று கேட்கிறார். 1548ஆம் ஆண்டு மூன்றாம் பவுல் பாப்பரசர் அங்கீகரித்த நூல் அது. அதை எழுதியவரும் ஒரு காலத்தில் இதே மூன்று வழிச் சந்தியில் நின்ற மாணவரே. ஆகவே அவருடைய கதையை அந்த இளைஞருக்குச் சொன்னேன். இப்போது உமக்கும் சொல்கிறேன்.

1521ஆம் ஆண்டு பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டுபட்டுக் கால் முறிந்த போர்வீரர் இஞ்ஞாசியார் என்பதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருப்பீர். அதற்குப் பின் நடந்ததையே நாம் அதிகம் பேசுவதில்லை. 1523இல் அவர் எருசலேம் சென்றார். வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்குவது அவருடைய உறுதியான ஆசை. புண்ணியமான ஆசைதானே! ஆனால் புனித தலங்களுக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர், தங்க அனுமதியில்லை, மீறினால் திருச்சபை விலக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கப்பலில் திரும்பி வருகையில்தான் "இனி என்ன செய்வது?" என்ற கேள்வி எழுந்தது. ஆன்மாக்களுக்கு உதவவேண்டுமாயின் படிக்கவேண்டும் என்று கண்டார். முப்பது வயதைத் தாண்டிய பின்னர், பார்சலோனா நகரில் சிறு பையன்களோடு வாங்கில் அமர்ந்து லத்தீன் வினைச்சொற்களை மனனம் செய்தார்.

இவ்விடத்தில் நடந்த ஒரு சிறு சம்பவம் கவனிக்கத்தக்கது. பாடத்தை மனனம் செய்ய உட்கார்ந்ததும் அவர் மனதில் இனிமையான ஞானச் சிந்தனைகள் பெருகின. செபத்தில் இருக்கும்போதும் பூசையிலும் வராதவை, இலக்கணப் புத்தகத்தைத் திறந்ததும் வந்தன! இது சோதனை என்று அவர் கண்டுகொண்டார். நேரே ஆசிரியரிடம் போய், இந்த ஊரில் உண்ண அப்பமும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும்வரை, இரண்டு வருடம் ஒரு பாடத்தையும் தவறவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பரீட்சை நெருங்கும்போது மட்டும் வெளிநாடு, வியாபாரம், சமூகசேவை என்று புதுப்புது யோசனைகள் உமக்கு உதிப்பதுண்டா? சற்று யோசித்துப் பாரும்.

அப்புறமும் அவர் பிழை விட்டார். அல்கலாவில் தர்க்கம், இயற்கைத் தத்துவம், இறையியல் எல்லாவற்றையும் ஒன்றாகப் படிக்க அவசரப்பட்டார், அத்திவாரம் நிற்கவில்லை. 1528இல் பாரிஸ் சர்வகலாசாலைக்கு வந்து மறுபடியும் சிறுவர்களோடு லத்தீனில் இருந்து தொடங்கினார். பார்சலோனா உண்டியலில் பெற்ற 25 பொற்காசுகளை உடன் தங்கியிருந்த ஒருவரிடம் காவலுக்குக் கொடுக்க, அவர் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டார். தங்குமிடத்துக்குக் கொடுக்கப் பணமில்லை. ஏழைகள் விடுதியொன்றுக்குப் போனார். அதன் கதவு விடிந்த பின்பே திறக்கும். வகுப்போ விடியுமுன் தொடங்கும். மாலையிலும் கதவு பூட்டுமுன் ஓடவேண்டும். படிப்பு கெட்டது. யாராவது ஓர் ஆசிரியருக்கு வேலையாளாகச் சேர்ந்து படிக்கலாமென்று தேடினார், எவரும் எடுக்கவில்லை.

வேலையா, படிப்பா, பயணமா? உமது கேள்வியேதான். ஒரு துறவியார் ஆலோசனை சொன்னார்: வருடத்தில் இரண்டு மாதத்துக்கும் குறைவாகப் பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போய், அங்குள்ள ஸ்பானிய வர்த்தகர்களிடம் உதவி பெற்றுவந்தால், மிகுதிக் காலம் முழுவதும் நிம்மதியாகப் படிக்கலாமே. இஞ்ஞாசியார் அதைக் கடவுளிடம் ஒப்படைத்துச் செபித்தார், நல்லதென்று கண்டார், போனார். ஒரு முறை லண்டன்வரையும் போனார். கிடைத்ததில் மற்ற ஏழை மாணவருக்கும் கொடுத்தார். 1535இல் கலைத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

இதில் ஒன்றைக் காணும். அவருக்குப் பயணம் பாவமல்ல, உத்தியோகமும் பாவமல்ல. எது முடிவு, எது வழி என்பதில் அவர் தெளிவாயிருந்தார். நம்மில் பலர் முதலில் "போகவேண்டும்" என்று தீர்மானித்துவிட்டு, பின்னர் அதற்குள் கடவுளை எங்கே பொருத்தலாம் என்று தேடுகிறோம். கடவுளை நம் விருப்பத்துக்கு வளைக்கும் வேலை என்று இதைத்தான் அவர் தம் நூலில் கண்டிக்கிறார்.

வெளிநாடு போவதைப் பழிப்பது என் நோக்கமல்ல. அந்தப் பணத்தில் அடுப்பு எரிந்த வீடுகளும், கரைசேர்ந்த சகோதரிகளும் நம் பங்குகளில் எத்தனையோ. அதேபோல, உத்தியோகம் ஏற்றால் படிப்பு செத்தது என்றும் இல்லை. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்பவருக்கும் வழி திறந்திருக்கிறது. எல்லா வழியும் நல்லதாய் இருப்பதாற்தான் தெரிவு கடினமாகிறது. நன்மைக்கும் பாவத்துக்கும் இடையில் தெரிவு செய்ய நூல் வேண்டியதில்லை. பத்துக் கற்பனைகள் போதும்.

அப்படியானால் வழி என்ன? தெளிந்த மனதோடு ஒரு தாளை எடுத்து, போவதால் வரும் நன்மை, தீமை. போகாததால் வரும் நன்மை, தீமை என்று நான்காகப் பிரித்து எழுதச் சொல்கிறார் இஞ்ஞாசியார். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பவனைப் பற்றி லூக்காஸ் சுவிசேஷம் பதினாலாம் அதிகாரத்தில் ஆண்டவரே பேசியிருக்கிறார். எழுதிய பின், முன்பின் அறியாத ஒருவன் இதே பிரச்சினையோடு வந்தால் அவனுக்கு என்ன சொல்வீர் என்று யோசியும். அடுத்து, மரணப் படுக்கையில் கிடந்து திரும்பிப் பார்க்கையில் இன்று எதைத் தெரிந்திருக்க விரும்புவீர் என்று கேளும். முடிவு வந்தபின் அதைச் செபத்தில் கடவுளிடம் காணிக்கையாக வைத்து, உறுதிப்படுத்தும்படி மன்றாடும். இந்தக் கடைசிப் படியை நாம் அனேகமாய் விட்டுவிடுகிறோம்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய ஒரு பிரமாணம் உண்டு. மனம் சோர்ந்து, இருண்டு, செபம் கசந்து கிடக்கும் வேளையில் முந்திய நல்ல தீர்மானத்தை மாற்றாதேயும். முந்திய தீர்மானமே ஒழுங்கற்றதாய், தகப்பனார் ஏசினாரென்றோ, சிநேகிதன் போனானென்றோ எடுத்ததாயிருந்தால், அதைத் திருத்தி எடுப்பது வேறு விடயம். ஆனால் அதையும் வெளிச்சத்தில் செய்யும், இருட்டில் அல்ல.

இதைச் சொன்னதும் நான் அந்த இளைஞரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "போகவேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. பின்னர், "போன பரீட்சை முடிவு வந்த அன்று, சுவாமி. இரண்டு பாடம் தவறிவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்றார்.

காணியை ஈடு வைக்கச் சம்மதித்த தாய்க்கு அது தெரியாது!

ஏசவில்லை. இரண்டு வேலை கொடுத்து அனுப்பினேன். முதலாவது, இன்றிரவே தாயாரிடம் உண்மையைச் சொல்வது. இரண்டாவது, பதினைந்து நாட்களுக்கு எந்தக் காசும் கட்டாமல், தினமும் அரைமணி நேரம் கோவிலில் இருந்துவிட்டு அந்தத் தாளை எழுதுவது. "மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்கிறான் ஏஜென்சிக்காரன்" என்றார். பதினைந்து நாள் பொறுக்க முடியாதவனிடம் ஒரு காணியை நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

மூன்றாம் கிழமை தாயும் மகனுமாக வந்தார்கள். நான்காக மடித்த தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது; நான் வாங்கிப் பார்க்கவில்லை. தவறிய பாடங்களை மறுபடி எழுத விண்ணப்பம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். கனடாவை அவர் மறக்கவில்லை. பட்டம் முடியட்டும், அப்போது யோசிப்போம் என்று மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னாராம். மாமாவுக்குக் கொஞ்சம் கோபம். தாயார் இடையில் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது மட்டும், "உறுதி திரும்பவும் அலுமாரிக்குள் இருக்குது, சுவாமி" என்றார்.