பிரஷர் மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன?

விடியுமுன் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டும் நம்மில் பலருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. மாத்திரையும் சாப்பிடுகிறோம். ஆனால் பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு மாத்திரை, நமக்கு வேறு மாத்திரை ஏன் என்று கேட்டால் விழிக்கிறோம்.

மீஞ்சூர் முதல் பழவேற்காடு வரை உப்பும் கருவாடும் நம் கடையிலும் உண்டு, தட்டிலும் உண்டு. உப்பு மிகுந்தால் உடம்பில் நீர் தங்கி, இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும். அந்த உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுவது குளோர்தாலிடோன். இதைக் காலையில் சாப்பிடுவதே வழக்கம். இரவில் என்றால் தூக்கம் கெடும்.

அம்லோடிபின் வழி வேறு. குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கிறது; தசை தளர்ந்து குழாய் விரிகிறது. சிலருக்குக் கணுக்கால் வீங்கும். நாள் முழுதும் நின்று வியாபாரம் பார்ப்பவர் ‘கிட்னி போய்விட்டது’ என்று பயந்து தானாகவே நிறுத்திவிடுகிறார். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மாற்றித் தருவார்.

ஆஞ்சியோடென்சின் என்றொரு பொருள் உடம்பில் உற்பத்தியாகிக் குழாய்களைச் சுருக்குகிறது. எனலாப்ரில் அந்த உற்பத்தியையே குறைக்கும். டெல்மிசார்டனோ, வந்த சரக்கை இறக்கவிடாமல் வாசலிலேயே மறிப்பது போல, அதை வேலை செய்ய விடாது. எனலாப்ரில் வகையில் முதலில் வந்த காப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது! இவ்வகையால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மிளகாய் மூட்டை நெடி என்று நினைத்து இருமல் மருந்து வாங்கிக் குடிப்பவர்களும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இவ்விரண்டும் ஆகாது.

அட்டெனோலால் இதயத் துடிப்பைத் தணிப்பது. திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம்.

இத்துறையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் சர்ப்பகந்தி வேரின் பயனை உலகறியச் செய்தார். 1952-இல் அதிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டது. இன்று அதன் உபயோகம் குறைவு.

‘தலைசுற்றல் இல்லையே’ என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நம்மவர் வழக்கம். கொதிப்பு பெரும்பாலும் அறிகுறி காட்டாது. செலவு ஒரு காரணமாகாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்தது.

மளிகைக்காரர்களுக்கு இன்னொன்று. ‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட்டுகளில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். எனலாப்ரில், டெல்மிசார்டன் சாப்பிடுவோருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே தடுமாறலாம். பாக்கெட் கேட்டு வருபவரிடம், ‘டாக்டரைக் கேட்டீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக் கொடுக்கலாம்.