விற்பனைக் கணக்கு எழுதும் முறை



ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் பால்மரத் தொழிலாளர் மாதம் முழுவதும் கடனுக்குச் சரக்கெடுத்து, சம்பளம் வந்ததும் தீர்ப்பது வழக்கம். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் கடை வைத்திருந்த நம் பெரியவர்களுக்குச் சிட்டையும் பேரேடுமே காவல். இன்று தோட்டங்கள் பல செம்பனையாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. கடன் வியாபாரம் மாத்திரம் மாறவில்லை.

அந்தச் சிட்டையையே கணினியில், எக்ஸெல் போன்ற விரிதாளில் எழுதும் முறையை இங்கு கவனிப்போம்.

முதல் வரியில் ஒன்பது தலைப்புகள் இடுக: தேதி, சரக்கு, எண்ணிக்கை, விற்ற விலை, தொகை, வாங்கிய விலை, லாபம், ரொக்கமா கடனா, வாங்கியவர் பெயர். ஒரு சரக்கின் ஒரு விற்பனைக்கு ஒரே வரி. சரக்கின் பெயரை மாற்றி எழுதலாகாது. ஒரு நாள் 'கைலி' என்றும் மறுநாள் 'லுங்கி' என்றும் எழுதினால், கணினி அவற்றை இரு சரக்குகளாகவே கொள்ளும்.

தொகைக் கட்டத்தில் சமக்குறி இட்டு, எண்ணிக்கைக் கட்டத்தைத் தொட்டு, நட்சத்திரக் குறி இட்டு, விலைக் கட்டத்தைத் தொட்டால் பெருக்கல் தானே நடக்கும். இரு விலைகளின் வித்தியாசத்தை எண்ணிக்கையால் பெருக்கினால் லாபம்.

உதாரணமாக, 20 ரிங்கிட்டுக்கு வாங்கிய கைலி 4, தலா 25 ரிங்கிட்டுக்கு விற்றால் தொகை 100, லாபம் 20. ஆனால் அது கடன் விற்பனையானால் பெட்டியில் ஒரு காசும் வரவில்லை. நம் முதல் 80 ரிங்கிட் வெளியே நிற்கிறது! ஏட்டில் லாபம் பெருகியும் கடை மூடப்படுவது இதனாலேதான்.

ஆகையால் மாத முடிவில் பில்டர் என்னும் வடிகட்டியால் 'கடன்' வரிகளை மட்டும் நிறுத்தி, தொகைப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸெலில் அதன் கூட்டுத்தொகை திரையின் அடியில் தெரியும். கடன் தீர்ந்ததும் அவ்வரியில் 'தீர்ந்தது' என்று மாற்றுக.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா 282, தவணைக் கடனை எழுதிவைக்கப் பணிக்கிறது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்துக்கோ சலுகை தருகிறது. எழுதாத கடன், நம் மவுத்துக்குப் பின் வாரிசுகளுக்கும் வாங்கியவருக்கும் வழக்காகும். ஜகாத் கணக்குக்கும் இந்த ஏடே ஆதாரம். மலேசிய வருமான வரிச் சட்டமும் கணக்குகளை 7 ஆண்டுகள் காக்கச் சொல்கிறது. எனவே பிரதியொன்றை வேறிடத்திலும் வையுங்கள்.

இன்றிரவு கடை அடைக்குமுன் முதல் வரியை எழுதுங்கள். அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.