சூப்பானை மறக்க வைப்போம், படிப்படியாக



இரண்டு மாதங்களுக்கு முன்பு வெம்பக்கோட்டை பக்கம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த நேரம். ஒரு உறுப்பினரின் இரண்டு வயதுப் பையன் வாயில் ரப்பர் சூப்பானோடு சுற்றி வந்தான். அது கீழே விழுந்தது. பட்டாசு ஆலையில் இருந்து நேராகக் கூட்டத்திற்கு வந்திருந்த அம்மா, அதை எடுத்து முந்தானையில் துடைத்து மறுபடி வாயில் வைத்தார். அந்த முந்தானையில் அலுமினியப் பவுடர் மின்னிக்கொண்டு இருந்தது.

"இன்னைக்கே தூக்கி எறிங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் பையன் வாயில் புது சூப்பான்!

"மூணு ராத்திரி ஒரே அழுகை மேடம். விடிஞ்சா வேன் வந்துரும். தூங்காம மருந்து பக்கத்துல எப்படி உக்கார்றது? அத்தைதான் மனசு கேக்காம வாங்கிக் கொடுத்துட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது நியாயம். பட்டாசு வேலையில் தூக்கக் கலக்கம் உயிருக்கே ஆபத்து. எறியச் சொன்ன நான், எப்படி மறக்க வைப்பது என்று சொல்லவில்லை. தவறு என்னுடையது. அதனால்தான் இந்தப் பாடம்.

பிள்ளை ஏன் சூப்புகிறது?

சப்புவது குழந்தையின் பிறவிக் குணம். அதில் அதற்கு ஒரு ஆறுதல். அம்மா வேலைக்குப் போன பிறகு, மடிக்குப் பதிலாகக் கிடைத்தது சூப்பான். ஆகவே அதை எடுக்கும்போது வேறு ஆறுதல் கொடுக்க வேண்டும். வெறுமனே பிடுங்கினால் பிள்ளை அழத்தான் செய்யும்.

ஏன் நிறுத்த வேண்டும்?

• தரையில் விழுந்ததை வாயில் வைத்தால் கிருமி போய் வயிற்றுப்போக்கு வரும். நம் பகுதியில் கிருமியோடு மருந்துத் தூசியும் சேர்ந்து போகும்.
• ஆறு மாதத்திற்கு மேலும் சூப்பும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.
• இரண்டு, மூன்று வயதைத் தாண்டியும் தொடர்ந்தால் முன்பல் வரிசை கெடும். சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.
• கைக்குழந்தைக்கு அது பசியை மறைத்து, தாய்ப்பால் குடிப்பதைக் குறைக்கலாம்.

எப்படி மறக்க வைப்பது?

1. முதலில் பகலில் மட்டும் நிறுத்துங்கள். கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். தூங்கும்போது மட்டும் கொடுங்கள்.

2. பகல் பழகிய பிறகு இரவு. சனிக்கிழமை இரவு தொடங்குங்கள். மறுநாள் லீவு என்பதால் தூக்கம் கெட்டாலும் சமாளிக்கலாம். தீபாவளி வேலை நெருக்கடியிலும், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கும்போதும் தொடங்க வேண்டாம்.

3. கேட்கும்போது பசியா, தூக்கமா, பயமா என்று பாருங்கள். பசி என்றால் பால்வாடியில் தரும் சத்துமாவில் ஒரு உருண்டை. தூக்கம் என்றால் மடி, தாலாட்டு, பிடித்துக்கொள்ள அம்மாவின் துவைத்த பழைய சேலைத்துண்டு.

4. வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். பகல் முழுக்கப் பார்ப்பது பாட்டிதான். அவரிடமும் வீட்டுக்காரரிடமும் முதலில் பேசிவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

• மிளகாய், வேப்பெண்ணெய் தடவாதீர்கள். பிள்ளை மிரண்டு போகும். மிளகாய் கண்ணிலும் படும்.
• சீனி, தேன் தொட்டுக் கொடுக்காதீர்கள். பல் சொத்தையாகும். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து.
• கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டாதீர்கள். கழுத்தை இறுக்கிவிடும்.
• சூப்பானுக்குப் பதிலாகப் பால் பாட்டிலைக் கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள்.
• நாலு பேர் முன்னால் கேலி செய்யாதீர்கள்.

நிறுத்தும் வரை

கீழே விழுந்தால் துடைத்துக் கொடுக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தினமும் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் எறியுங்கள்; துண்டு தொண்டையில் சிக்கும். முக்கியமாக, வேலை முடிந்து வந்ததும் பிள்ளை ஓடி வரும். முதலில் கை, கால், முகம் கழுவி, சேலை மாற்றி, பிறகு தூக்குங்கள்.

அந்தப் பையன் இப்போது பகலில் சூப்பானைத் தேடுவதில்லை. இரவில் இன்னும் கேட்கிறான். "இந்தத் தடவை அத்தையும் என் பக்கம் மேடம்" என்கிறார் அம்மா. நம்பிக்கையோடு இருக்கிறோம்.

குழுவில் பேசுங்கள்

• நாம் வேலைக்குப் போனபின் பிள்ளைக்கு ஆறுதல் யார், எது?
• வேலைச் சேலையோடு பிள்ளையைத் தூக்குவதை நிறுத்த என்ன செய்யலாம்?
• உங்கள் ஊரில் யாராவது சூப்பானை மறக்க வைத்திருக்கிறார்களா? எப்படி?

ஊக்குநர்கள் இதை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.