விற்ற கலமும் விற்காத கலமும்

உழவன் ஒருவன் தான் கன்றிலிருந்து வளர்த்த காளையைச் சந்தையில் விற்கின்றான். விலையும் குறைவன்று, வாங்குபவனும் நல்லவன். ஆயினும், கயிற்றை அவன் கையில் கொடுத்த பின்னர், உழவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீடு செல்கின்றான். பணம் கிடைத்த மகிழ்ச்சியும் பிரிவின் துயரும் அவன் உள்ளத்தில் ஒருங்கே நிற்கின்றன.

கடலோடும் மக்கள் தம் கலத்தின்மீது கொண்ட பற்றும் இத்தகையதே. அதிலும், பாழாய்க் கிடந்த கலம் ஒன்றைத் தம் உழைப்பால் செப்பனிட்டு மீண்டும் மிதக்கவிட்டவர்க்கு அப்பற்று பன்மடங்காகும். எந்தப் பலகை உளுத்திருந்தது, எந்த இடுக்கில் நீர் கசிந்தது, எந்த ஆணி எளிதில் இறங்க மறுத்தது என்பனவெல்லாம் அவர்க்கே தெரியும். விலை பேச வருபவர் கண்ணுக்குப் புதிய வண்ணப்பூச்சு மட்டுமே புலப்படும். அதன் அடியில் மறைந்துள்ள உழைப்பிற்கு எவ்வாறு விலை கூறுவது? ஆதலின், அத்தகைய கலத்தை விற்க நேரும்பொழுது உள்ளம் இருபாற்படுதல் இயல்பு. விற்பது நன்றா, வைத்துக்கொள்வது நன்றா என்னும் வினாவைச் சிந்திப்பதற்கு, ஆங்கிலேயர் இருவர் உலகைச் சுற்றிவரச் செலுத்திய இரு கலங்களின் வரலாறு துணைசெய்யும்.

முதலாவது கலத்தின் பெயர் ‘ஜிப்சி மாத் 4’. மஹாகனி மரத்தின் மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த உடலும், இரண்டு பாய்மரங்களும் உடைய இக்கலம் 54 அடி நீளமானது. 1966-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் சிச்செஸ்டர் என்பவர் தன்னந்தனியராய் இதிலேறி, இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். இடையில் சிட்னி நகரில் மட்டுமே தங்கி, உலகை வலம் வந்து, 1967 மே 28-ஆம் நாள் அதே துறையை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 65. எலிசபெத் அரசியார் கிரீனிச் நகரில் அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கிச் சிறப்பித்தார். சிச்செஸ்டரோ தம் கலத்தை வாயாரப் புகழ்ந்தவர் அல்லர். அதன் குறைகளைத் தம் நூலில் மறையாது எழுதினார். ஆயினும், மக்கள் அக்கலத்தை நாட்டின் செல்வமாகவே போற்றினர்.

போற்றியதோடு நில்லாமல், அதனைக் காக்கவும் எண்ணினர். ‘கட்டி சார்க்’ என்னும் புகழ்பெற்ற பழைய பாய்க்கப்பல் கிரீனிச்சில் கரைமீது காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதன் அருகே ஜிப்சி மாத்தும் தரையில் நிலையாக நிறுத்தப்பெற்றது. கூட்டம் கூட்டமாக மக்கள் அதில் ஏறிப் பார்த்தனர். அவர்களுடைய காலடிகளால் மேல்தளம் தேய்ந்தது. வெயிலும் மழையும் மரத்தை வாட்டின. பின்னர், மக்கள் ஏறிப் பார்ப்பதும் நிறுத்தப்பட்டது. பெருங்கடலின் அலைகளை எதிர்த்து நின்ற கலம், அலையே இல்லாத இடத்தில் சிறிது சிறிதாக நலிவுற்றது.

ஏறத்தாழ 36 ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 2004-ஆம் ஆண்டில், வைட் தீவில் இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி அளிக்கும் அறநிலையம் ஒன்று அக்கலத்தைப் பெற முன்வந்தது. அதற்குக் கொடுத்த விலை ஒரு பவுண்டும் ஒரு கோப்பை பானமுமே! ஆனால், அதனைச் செப்பனிடுவதற்கு ஆன பொருளும் உழைப்பும் மிகப் பல. அக்கலத்தை முதலில் கட்டிய காஸ்போர்ட் நகரத்துத் தொழிற்சாலையிலேயே பழுதுபார்க்கும் பணி நடைபெற்றது. 2005 ஜூன் மாதத்தில் அது மீண்டும் நீரில் இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் இளைஞர்களை ஏற்றிக்கொண்டு இரண்டாம் முறையாக உலகை வலம்வரப் புறப்பட்டது.

அப்பயணத்தில் ஒரு பேரிடர் நேர்ந்தது. 2006 ஏப்ரல் மாதம் பசிபிக் பெருங்கடலில் உள்ள ரங்கிரோவா என்னும் பவளத் தீவருகே கலம் பாறைத்திட்டில் ஏறிவிட்டது. அதன் ஒரு பக்கம் உடைந்தது. அரிதின் முயன்று செப்பனிட்ட கலம், ஓராண்டு நிறைவதற்குள் மீண்டும் சிதைந்து கிடந்தது. எனினும், அதற்குரியோர் தளரவில்லை. ஒரு வாரத்திற்குள் அதனைத் திட்டிலிருந்து மீட்டு, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குக் கொண்டுசென்று, உடைந்த பக்கத்தைச் சீர்செய்து, மறுபடியும் பயணத்தைத் தொடர்ந்தனர். சிச்செஸ்டர் கரை சேர்ந்து சரியாக 40 ஆண்டுகள் நிறைந்த 2007 மே 28-ஆம் நாளன்று, அக்கலம் பிளிமத் துறைக்குள் நுழைந்தது.

இவ்வாறு இருமுறை உயிர்கொடுத்துக் காத்த கலத்தை அந்நிலையம் 2010-ஆம் ஆண்டில் விற்றுவிட்டது. அதனை மறந்துவிட்டதனால் அன்று. பேணுவதற்கு ஆகும் செலவைத் தொடர்ந்து தாங்குவது அரிதாயிருந்தமையால் ஆகும். மரக்கலம் ஒருமுறை செப்பனிட்டதோடு அமைவதன்று. ஆண்டுதோறும் அதனைக் கரையேற்றி, அடிப்பகுதியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, வண்ணம் பூச வேண்டும்; பாயும் கயிறும் தேயத் தேய மாற்ற வேண்டும்; துறையில் நிறுத்துவதற்கும் கட்டணம் செலுத்த வேண்டும். இளைஞர்களின் பயிற்சிக்கெனத் திரட்டிய பொருளையெல்லாம் ஒரே கலம் விழுங்குமாயின், அது அறமாகுமா? அக்கலத்தைப் பிரிட்டனிலேயே வைத்துப் பேண முன்வந்த இருவர் அதனை வாங்கிக்கொண்டனர்.

இனி, மற்றொரு கலத்தின் வரலாற்றைக் காண்போம். அதன் பெயர் ‘சுஹைலி’. அரபு மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு இட்ட பெயர் அது. வணிகக் கப்பலில் அலுவலராயிருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் இளைஞர், இன்று மும்பை எனப்படும் பம்பாயில் அதனைக் கட்டுவித்தார். இந்தியத் தச்சர்கள் கைக்கருவிகளைக் கொண்டே தேக்கு மரத்தால் அதனைச் செய்து முடித்தனர். அதன் நீளம் 32 அடியே.

1968-ஆம் ஆண்டில், எங்கும் தங்காது தனியே உலகைச் சுற்றிவரும் போட்டி அறிவிக்கப்பட்டது. அத்தகைய பயணத்திற்குப் புதிய கலம் ஒன்று கட்ட விரும்பிய ராபின், பொருள் வேண்டிச் சுஹைலியை விற்கவும் முயன்றார். வாங்குவார் இல்லை, புதிய கலத்திற்குப் போதிய பொருளும் சேரவில்லை. வேறு வழியின்றிச் சுஹைலியிலேயே 1968 ஜூன் 14-ஆம் நாள் ஃபால்மத் துறையிலிருந்து புறப்பட்டார். போட்டியில் இறங்கிய ஒன்பதின்மருள் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. 1969 ஏப்ரல் 22-ஆம் நாள், எங்கும் தங்காது தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதராக அவர் கரை சேர்ந்தார். விலைபோகாத கலமே அவருக்கு அழியாப் புகழைத் தேடித் தந்தது!

சுஹைலியும் 1997-இல் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. அங்கே வெயில் இல்லை, மழையும் இல்லை. ஆனால், அவ்வறையின் உலர்ந்த காற்றில் மரம் ஈரம் இழந்து சுருங்கியது. பலகைகளின் இடைவெளி அகன்றது. இதனைக் கண்டு வருந்திய ராபின், 2002-ஆம் ஆண்டில் தம் கலத்தைத் திரும்பப் பெற்றார். எழுபதைக் கடந்த வயதிலும், பலகைகளைப் பிணைத்திருந்த பழைய இரும்பாணிகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்தும் பணியில் தாமே ஈடுபட்டார். தாம் புறப்பட்ட நாளின் ஐம்பதாம் ஆண்டு நிறைவாகிய 2018 ஜூன் 14-ஆம் நாளன்று, ஃபால்மத் துறையில் சுஹைலியை மீண்டும் செலுத்தினார்.

ஒரு கலம் விற்கப்பட்டது. மற்றொன்று திரும்பப் பெறப்பட்டது. இவ்விரண்டனுள் எது சரி? மேலோட்டமாக நோக்கின், இவை ஒன்றுக்கொன்று மாறானவை. ஆழ்ந்து நோக்கின், இரண்டிற்கும் நோக்கம் ஒன்றே. கலத்திற்கு உரிய இடம் நீர். அதனை வாழ்விப்பன அதனை நாள்தோறும் தொட்டுப் பேணும் கைகள். தம் கைகளுக்கு ஆற்றல் உள்ளவரையில் வைத்துப் பேணுதல் அன்பு. ஆற்றல் குன்றும்பொழுது, ஆற்றல் உடைய வேறு கைகளில் ஒப்படைத்தலும் அன்பே. பிரிய மனமின்றிக் கட்டிவைத்து, பேணவும் இயலாது அழியவிடுவது அன்பைப் போலத் தோன்றும். ஆனால் அன்பு ஆகாது.

ஆதலின், தாம் செப்பனிட்ட கலத்தை விற்பவர் கண்கலங்குவாராயின் அது குற்றம் அன்று. அக்கலக்கம் அவர் உழைப்பின் உண்மையைக் காட்டுவது. அவர் கேட்க வேண்டிய வினா ஒன்றே: “இதனை வாங்குபவர் என்ன விலை தருவார்?” என்பதற்கு முன்னர், “இதனை வாங்குபவர் கடலில் செலுத்துவாரா?” என்பதே அது. அதற்கு நல்விடை கிடைக்குமாயின், கலம் துறையைவிட்டு அகலும்பொழுது அவர் கரையில் நின்று மனநிறைவோடு விடைகொடுக்கலாம்.