கைமுதல்

விடியும் முன்பே காய்கறி மண்டி விழித்துவிடும். கூடைக்காரப் பெண்கள் வந்து நிற்பார்கள். சரக்கு எடுக்கப் பணம் வேண்டும். கையில் பணம் இல்லை. என்ன செய்வார்கள்? வட்டிக்காரரிடம் வாங்குவார்கள். காலையில் வாங்கிய பணத்தை மாலையில் வட்டியோடு திருப்பித் தரவேண்டும்.

இது ஏதோ ஒரு ஊரின் கதை அல்ல. நம் நாட்டின் பல நகரங்களில் கூடைக்காரர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் இப்படித்தான் பிழைப்பு நடத்துகிறார்கள்.

காய்கறி விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலையில் 1,000 ரூபாய் வாங்குகிறார். மாலையில் 1,100 ரூபாய் கொடுக்கிறார். மீதி நிற்பது 200 ரூபாயோ, 250 ரூபாயோ. அதில்தான் அரிசி, பருப்பு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் நோட்டு, பேனா எல்லாம். மறுநாள் காலையில் மறுபடியும் அதே வட்டிக்காரர். அதே 1,000 ரூபாய்.

“நூறு ரூபாய்தானே! கேட்டவுடன் கொடுக்கிறார். பத்திரம் கேட்பதில்லை. அலைய வைப்பதில்லை” என்று அந்தப் பெண் சொல்வார். அவர் சொல்வதும் உண்மைதான். அவசரத்துக்கு வேறு யார் கொடுக்கிறார்கள்?

ஆனாலும் கணக்கைப் பார்ப்போம். மாதத்தில் 25 நாள் வியாபாரம் என்றால் வட்டி 2,500 ரூபாய். ஆண்டில் 300 நாள் என்றால் 30,000 ரூபாய். வாங்கியது ஆயிரம். கட்டிய வட்டி முப்பதாயிரம். இவ்வளவு கட்டிய பிறகும் அந்த ஆயிரம் ரூபாய் அவருக்குச் சொந்தம் ஆகவில்லை!

நூற்றுக்கு ஆண்டுக்கு 12 ரூபாய் வட்டிக்கு ஒரு வங்கி இதே ஆயிரத்தைக் கொடுத்தால், ஓர் ஆண்டு வட்டி 120 ரூபாய். அந்தப் பெண் ஒரே நாளில் 100 ரூபாய் கட்டுகிறார்.

இதிலிருந்து மீள வழி உண்டா? ஒரே நாளில் 1,000 ரூபாய் சேர்க்க முடியாது. 20 ரூபாய் எடுத்து வைக்க முடியுமா? சிரமம்தான். ஆனால் முடியும்.

முதல் நாள் மாலை 20 ரூபாயைத் தனியே வைக்கிறார். மறுநாள் காலை 980 ரூபாய் மட்டும் கடன் வாங்குகிறார். சொந்தப் பணம் இருபதைச் சேர்த்து ஆயிரத்துக்குச் சரக்கு எடுக்கிறார். மாலையில் வட்டி 98 ரூபாய். 2 ரூபாய் மிச்சம். இந்த 2 ரூபாய்தான் முக்கியம். இதைச் செலவு செய்யக்கூடாது. அன்றைய 20 ரூபாயோடு இதையும் சேர்க்கவேண்டும். இப்போது கையில் 42 ரூபாய்.

மூன்றாம் நாள் மாலை 66 ரூபாய் 20 காசு. பத்தாம் நாள் மாலை ஏறக்குறைய 319 ரூபாய். பதினைந்தாம் நாள் 635 ரூபாய். பத்தொன்பதாம் நாள் மாலை 1,000 ரூபாயைத் தாண்டிவிடும். இருபதாம் நாள் காலையில் அவர் வட்டிக்காரரைத் தேடிப் போகவேண்டியதில்லை. கையில் இருப்பது அவருடைய கைமுதல். அன்று முதல் அந்த நூறு ரூபாய் வீட்டுக்கு வரும்.

வட்டியில் மிச்சமாகும் பணத்தைச் சேர்க்காமல் வெறும் 20 ரூபாய் மட்டும் சேர்த்தால்? ஐம்பது நாள் ஆகும். அதுவும் நல்லதுதான்.

எழுதும்போது எல்லாம் எளிது. வாழ்க்கையில் பத்தாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். 300 ரூபாய் எடுக்கவேண்டி வரும். எடுக்கத்தான் வேண்டும். கையில் 19 ரூபாய் மிஞ்சும். மறுநாள் அதிலிருந்து மறுபடி தொடங்கலாம். இன்னும் இருபது நாள் போல ஆகும். பழைய நிலைக்குக் கீழே அவர் போய்விடவில்லை.

இன்னொரு தொல்லை, பணத்தை வைக்க இடம் இல்லாதது. வீட்டு டப்பாவில் வைத்தால் ஆளாளுக்குக் கை வைப்பார்கள். குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் கூடைக்காரிகளும் சுமை தூக்கும் பெண்களும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 1974-ஆம் ஆண்டு 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். அதுதான் சேவா வங்கி. இலா பட் அம்மையார் முன்னின்று நடத்தினார். பல பெண்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் கணக்குப் புத்தகத்தில் அவர்களுடைய புகைப்படத்தை ஒட்டினார்கள்.

தெரு வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020-இல் பி.எம். ஸ்வநிதி திட்டத்தைத் தொடங்கியது. பிணை இல்லாமல் முதலில் 10,000 ரூபாய் கடன் தந்தார்கள். 2025-இல் அது 15,000 ரூபாய் ஆனது. தவணை தவறாமல் கட்டினால் அடுத்த கடன் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இந்தப் பணம் சரக்குக்குப் போகவேண்டும். சீமந்தத்துக்கும் காதுகுத்துக்கும் போனால் வட்டிக்காரரும் இருப்பார், வங்கித் தவணையும் இருக்கும்.

கடன் வாங்குபவர் ஒரு நோட்டில் நான்கு கோடு போட்டுக்கொள்ளலாம். தேதி, வாங்கியது, கொடுத்தது, வட்டி. தினமும் எழுதவேண்டும். எழுதாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக்கூடாது. எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் சரி.

கணக்குப் போடுங்கள்

ஒருவர் காலையில் 2,000 ரூபாய் வாங்கி மாலையில் 2,200 ரூபாய் கொடுக்கிறார். தினமும் மாலையில் 50 ரூபாய் எடுத்து வைக்கிறார். வட்டியில் மிச்சமாவதையும் அதிலேயே சேர்க்கிறார். மூன்றாம் நாள் மாலை அவரிடம் எவ்வளவு இருக்கும்? நான்காம் நாள் காலை எவ்வளவு கடன் வாங்கினால் போதும்?