தூணடி அரிப்பும் கணிப்பொறியும்

ஆற்றுப் பாலத்தின் உறுதி, அதன் அடித்தளம் ஊன்றியுள்ள ஆழத்தைப் பொறுத்தது. தூணில் மோதும் வெள்ளம் கீழ்நோக்கிப் பாய்ந்து, குதிரை லாட வடிவச் சுழலாகத் தூணைச் சூழ்ந்து மணலைத் தோண்டுகிறது. வெள்ளம் வடியும்போது மேலிருந்து வரும் மணல் அக்குழியை நிரப்பிவிடுவதுண்டு. ஆகவே, கோடையில் காணும் சமமான படுகை வெள்ளக் காலத்து ஆபத்தைக் காட்டாது.

இந்தியாவில் இவ்வாழத்தைக் கணக்கிட லேசியின் சூத்திரம் பயன்பட்டு வருகிறது. வெள்ள நீரின் அளவையும் மணல் துகளின் பருமனையும் கொண்டு சராசரி அரிப்பாழம் காணப்படுகிறது. தூணருகே அதைப் போல் 2 மடங்கு கொள்வது வழக்கம். சராசரி 6 மீட்டர் எனில், வெள்ள மட்டத்திற்குக் கீழ் 12 மீட்டர் வரை அரிப்பு எதிர்பார்க்கப்படும்.

இவ்விதி தூணின் வடிவ வேறுபாட்டைக் கருதுவதில்லை. கணிப்பொறி முறையிலோ, ஆற்றுப் பகுதி சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் நீரின் வேகம், கொந்தளிப்பு, நீர்மட்டம் ஆகியவை கணிக்கப்பட்டு, மணல் நகர்வுக்கேற்பப் படுகையின் உருவமும் படிப்படியாக மாற்றப்படுகிறது. 1981இல் ஹர்ட், நிக்கல்ஸ் ஆகியோர் வெளியிட்ட முறை, ஏறி இறங்கும் நீர்ப்பரப்பைக் கணிக்க உதவுகிறது.

ஆயினும், தரப்பட்ட விவரங்கள் பிழையாயின் விடையும் பிழையாகும். வெள்ளத்தின்போதே படுகையின் ஆழத்தை அளந்து பதிவு செய்தல் இன்றியமையாதது. அப்பதிவே கணிப்பைச் சோதிக்கும் உரைகல்லாகும்.