வீணாகும் 4 பைட்டுகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் முதலில் கேட்கும் கேள்வி, "ராம் எவ்வளவு?" என்பதுதான். 8 ஜிபி, 16 ஜிபி என்று கடைக்காரர் சொல்வார். இவ்வளவு மெமரி இருக்கும்போது 4 பைட் வீணானால் என்ன குறைந்துவிடும்? கல்லூரியில் சி மொழி படித்த காலத்தில் நானும் இப்படித்தான் நினைத்தேன். லினக்ஸ் கெர்னலில் வெறும் 4 பைட்டுக்காக நடந்த ஒரு விவகாரத்தைப் படித்த பிறகுதான் என் எண்ணம் மாறியது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சின்னப் பாடம்.

ஒன்றோடொன்று தொடர்புடைய பல தகவல்களைப் புரோகிராமில் ஒரே கட்டாகக் கட்டி வைப்பதற்கு ஸ்ட்ரக்சர் என்று பெயர். அதில் உள்ள ஒவ்வொரு தகவலும் ஒரு பீல்டு. நம் வீட்டு கம்ப்யூட்டர்களில் கேரக்டர் வகை பீல்டுக்கு 1 பைட்டும், இன்டிஜர் வகைக்கு 4 பைட்டும் தேவை. ஒரு கேரக்டர், அடுத்து ஒரு இன்டிஜர், அடுத்து இன்னொரு கேரக்டர் என்று ஒரு ஸ்ட்ரக்சர் எழுதினால் மொத்தம் எத்தனை பைட்? 6 என்பீர்கள். சைஸ்ஆஃப் மூலம் சி கம்பைலரைக் கேட்டுப் பாருங்கள். 12 என்று பதில் வரும்!

மீதி 6 பைட் எங்கே போயிற்று? வரிசைக்கு 4 நாற்காலிகள் உள்ள ஒரு சினிமா கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஆட்களை, வருகிற முறைப்படியே உட்கார வைக்கிறார்கள். முதலில் தனி ஆள் ஒருவர் வந்து முதல் வரிசையில் உட்காருகிறார். அடுத்து 4 பேர் கொண்ட குடும்பம். பிரிந்து உட்கார மாட்டோம் என்கிறார்கள். எனவே அவர்களுக்கு இரண்டாவது வரிசை. முதல் வரிசையில் 3 நாற்காலிகள் காலி. பிறகு வரும் தனி ஆளுக்கு மூன்றாவது வரிசை, அங்கும் 3 காலி. ஆறு பேருக்கு 12 நாற்காலி போய்விட்டது. குடும்பம் முதலில் வந்து, தனி ஆட்கள் இருவரும் பின்னால் வந்திருந்தால் 8 நாற்காலிகளே போதும்.

மெமரியிலும் இதே கதைதான். இன்டிஜர் இருக்கும் முகவரி 4-ஆல் வகுபட்டால் பிராசசர் அதைச் சிரமமில்லாமல் எடுக்கும். இல்லாவிட்டால் சில பிராசசர்களுக்கு வேலை கூடும், சில எடுக்கவே மறுத்துவிடும். அதனால் கம்பைலர் இடையில் காலி பைட்டுகளைப் போட்டு நிரப்புகிறது. இதற்கு பேடிங் என்று பெயர். பீல்டுகளின் வரிசையைத் தானாக மாற்ற சி கம்பைலருக்கு அனுமதி கிடையாது. அது நம் பொறுப்பு.

இப்போது கெர்னலுக்கு வருவோம். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் இதயப் பகுதிதான் கெர்னல். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். அதற்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்காணிக்க ஸ்டீவன் ரோஸ்டெட் உருவாக்கிய எஃப்ட்ரேஸ் என்ற வசதி, 2008-ல் 2.6.27 பதிப்பில் சேர்ந்தது. இது நகைக்கடை கேமரா மாதிரி. எந்தப் புரோகிராம் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மெமரியில் ஒதுக்கப்பட்ட ஓர் இடத்தில் பதிந்துகொண்டே போகும். இடம் நிரம்பியதும் பழைய பதிவை அழித்துவிட்டு அதன் மேல் புதியதை எழுதும். இந்த இடத்தின் வழக்கமான அளவு ஒரு பிராசசருக்கு 1408 கேபி மட்டுமே. ஆக, பதிவு பெரிதானால் நினைவில் நிற்கும் காலம் குறையும். சிஸ்டம் திணறுகிறது, காரணம் 2 விநாடிக்கு முன்னால் நடந்தது, ஆனால் அந்தப் பதிவு அழிந்துவிட்டது என்றால் தேடி என்ன பயன்?

அதனால்தான் ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியையும் இறுக்கமாக அமைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சியின் வகை எண்ணுக்கு 2 பைட், அடையாளக் குறிகளுக்கு 1, இன்னொரு சிறு கணக்குக்கு 1, புராசஸ் எண்ணுக்கு 4. மொத்தம் 8, ஓட்டை எதுவும் இல்லை. இதே நான்கையும் 1, 4, 1, 2 என்று அடுக்கினால் 12 ஆகிவிடும். பெரிய பீல்டை முதலில் வை என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். இங்கே பெரியது கடைசியில் இருக்கிறது, ஆனாலும் ஒன்றும் வீணாகவில்லை. சிறியவை சேர்ந்து ஒரு வரிசையை நிரப்புகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி அந்த 4 பைட் விவகாரம். முன்பு இந்தத் தலைப்பகுதியில் லாக் டெப்த் என்று 4 பைட் பீல்டு ஒன்று கூடுதலாக இருந்தது. பிக் கெர்னல் லாக் என்ற பழைய பூட்டுக்கான கணக்கு அது. 2011-ல் அந்தப் பூட்டையே கெர்னலிலிருந்து எடுத்துவிட்டதால் பீல்டையும் எடுத்தார்கள். உடனே பவர்டாப் என்ற புரோகிராம் தகராறு செய்தது. லேப்டாப்பில் மின்சாரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் புரோகிராம் அது. இந்தத் தகவல் இத்தனையாவது பைட்டில்தான் இருக்கும் என்று அதன் சோதனைப் பதிப்பில் நேரடியாக எழுதி வைத்திருந்தார்கள். 4 பைட் நகர்ந்ததும் கணக்கு தவறிவிட்டது.

பயனாளர்களின் புரோகிராம் கெடக்கூடாது என்பது லினக்ஸில் கண்டிப்பான விதி. எனவே எடுத்த 4 பைட்டைத் திரும்ப வைத்தார்கள், இந்த முறை வெறும் காலி இடமாக! 24 பைட்டில் முடியும் சிறு பதிவுகள் ஏராளம். அதில் 4 வீண் என்றால் ஆறில் ஒரு பங்கு. பத்து லட்சம் பதிவுகளுக்கு 40 லட்சம் பைட். பவர்டாப்பின் அடுத்த பதிப்பு, எந்தப் பீல்டு எங்கே இருக்கிறது என்பதைக் கெர்னல் தரும் பைலைப் படித்துத் தெரிந்துகொள்ளும்படி மாற்றி எழுதப்பட்டது. அதன் பிறகே அந்தக் காலி இடத்தை நீக்க முடிந்தது. ஓட்டையை நிரப்புவது அரை மணி நேர வேலை. அதை நம்பி யாராவது வீடு கட்டிவிட்டால்தான் சிக்கல்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை நேரில் பார்க்கலாம். ரூட் பயனாளராக நுழைந்து சிஸ், கெர்னல், டிரேசிங், ஈவென்ட்ஸ் என்று போல்டர்களைத் திறந்துகொண்டே போய், ஷெட் என்ற போல்டரில் ஷெட் ஸ்விட்ச் என்பதற்குள் இருக்கும் பார்மேட் பைலைப் படியுங்கள். ஒரு புரோகிராமை நிறுத்தி இன்னொன்றை ஓட்டும் நிகழ்ச்சியின் பதிவு அமைப்பு அது. ஒவ்வொரு பீல்டும் தொடங்கும் இடம், அதன் அளவு இரண்டும் இருக்கும். 64 பிட் கெர்னலில் மொத்தம் 64 பைட், ஓட்டையே இல்லை. இதில் 8 பைட் அளவுள்ள பிரீவ் ஸ்டேட் பீல்டை, அதற்கு முன்னால் உள்ள 4 பைட் பீல்டுக்கும் முன்னால் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 72 ஆகிறது. 1408 கேபி இடத்தில் அதிகபட்சம் 21,120 பதிவுகள் பிடிக்க வேண்டியது 18,656 ஆகக் குறைகிறது.

கெர்னல் வேண்டாம், என் சொந்த சி புரோகிராமில் ஓட்டை தேட வேண்டும் என்பவர்களுக்கு பாஹோல் என்ற இலவச கருவி இருக்கிறது. டுவார்வ்ஸ் என்ற பேக்கேஜில் கிடைக்கும். புரோகிராமை டீபக் தகவலுடன் கம்பைல் செய்து பாஹோலிடம் கொடுத்தால், எந்த ஸ்ட்ரக்சரில் எந்த இடத்தில் எத்தனை பைட் காலி என்று வரி வரியாகக் காட்டிவிடும். மேலே சொன்ன 12 பைட் ஸ்ட்ரக்சரை முதலில் கொடுத்துப் பாருங்கள்.